ஸ்பானிஷில் கடிகாரம்: சிக்கலும் தீர்வும்

மூன்று நாள் வீணாகிவிட்டது. 'வாட்ச்', 'கிளாக்' இரண்டுக்கும் ஸ்பானிஷில் தனித்தனிச் சொல் தேடினேன். எதற்கும் 'ரெலோஹ்' என்றே வந்தது. செயலி தப்பு என்று நினைத்து வேறொன்றை இறக்கினேன், அதிலும் அதேதான். சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலில் போகும்போதெல்லாம் ஆங்கிலம்–ஸ்பானிஷ் அட்டைகளைப் புரட்டினேன். மனதில் நிற்கவில்லை. வகுப்பில் கடிகார முள்ளுக்கு, ஆங்கில 'ஹேண்ட்' நினைப்பில், 'மானோ' என்று சொல்லித் திருத்து வாங்கினேன். அது உடம்பிலுள்ள கை.

வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றும்போதுதான் பிடிபட்டது. தமிழிலும் எல்லாம் கடிகாரம்தானே! ஆங்கிலத்தை நீக்கி, அட்டையின் ஒரு பக்கம் தமிழே எழுதினேன். சுவர்க்கடிகாரம், 'ரெலோஹ் தே பரேத்'. மணல் கடிகாரம், 'ரெலோஹ் தே அரேனா'. கைக்கடிகாரத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 'ரெலோஹ் தே புல்சேரா', புல்சேரா என்றால் கைவளை. வரிசை நமக்குத் தலைகீழ், கடிகாரம் முன்னால் வரும்.

முள்ளுக்கு 'அகூஹா', அதாவது ஊசி. நம் முள்ளுக்கு எவ்வளவு பக்கம்! அலாரம் கடிகாரம் மட்டும் தனி ஆள்: 'தெஸ்பெர்தாதோர்', எழுப்புவது. அன்று இரவே பன்னிரண்டு அட்டையும் தடுமாறாமல் வந்தன.