கண்ணை மூடினால் கடன்தான் தெரிகிறதா? தியானத்தில் நாம் செய்யும் தவறுகள்

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் யாராவது "ஒரே டென்ஷனா இருக்கு" என்று வாயெடுத்தால் போதும். "காலையில பத்து நிமிஷம் தியானம் பண்ணுங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். முதல் பாதி சரி. "எல்லாம் சரியாப் போயிரும்" என்பதில்தான் சிக்கல். 2014-ல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, மொத்தம் 3,515 பேரிடம் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றுக்கும் தியானம் மிதமான பலன் தருகிறது என்பதுதான் அதில் கிடைத்த முடிவு. மிதமான பலன் சின்ன விஷயமில்லை. ஆனால் அற்புதத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தவர் ஒரே வாரத்தில் எழுந்துவிடுவார். கேட்டால் சோம்பல் என்று தன்னையே திட்டிக்கொள்வார். எனக்கென்னவோ சோம்பலைவிட, ஆரம்பித்த விதம்தான் காரணமாகப் படுகிறது.

மனசு காலியாக வேண்டும் என்று அடம்பிடிப்பது

ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும், குழுவில் கடன் வாங்கியிருக்கும் ஒரு பெண் என்னிடம் சொன்னது இது: "கண்ண மூடுனா குழுக் காசுதான் முன்னாடி வந்து நிக்குது மதினி. செவ்வாக்கெழம எப்பிடிக் கட்டப் போறோம்னே ஓடுது. நமக்கெல்லாம் இது ஆகாது."

ஆகாது என்று அவர் நினைத்த அந்த இடத்தில்தான் பயிற்சியே தொடங்குகிறது. எண்ணமே வராத மனம் யாருக்கும் கிடையாது. ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் தியானம் செய்பவர்களைப் பரிசோதித்தார். அவர்கள் உட்கார்ந்த சிறிது நேரத்தில் மூச்சு மெதுவானதும், உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் குறைந்ததும் பதிவாயின. அதற்குத் தேவையானவை என்று அவர் சொன்னவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒரு சொல்லையோ மூச்சையோ திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்வது ஒன்று. எண்ணம் குறுக்கிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் மறுபடி அந்தச் சொல்லுக்கே வருவது இன்னொன்று. சொல் எதுவானாலும் சரி: முருகா, ஏசுவே, அல்லாஹ், இல்லை வெறுமனே ஒன்று, இரண்டு.

குழுக் காசு ஞாபகம் வருகிறதா, வரட்டும். "வந்துருச்சு" என்று கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் முப்பது தடவை மனம் ஓடி, முப்பது தடவை திரும்பியிருந்தால் அன்றைக்கு நல்ல பயிற்சி. "ஐயோ, திரும்ப யோசிச்சுட்டேனே" என்று தன்மேலேயே எரிச்சல்படுவதுதான் பயிற்சியைக் கெடுக்கும். பதற்றத்துக்கு மேல் அது இன்னொரு பதற்றம்.

நாலு மணிக்கே எழுந்தாக வேண்டும் என்பது

பிரம்ம முகூர்த்தத்தில் செய்தால்தான் பலிக்கும் என்று சொல்பவர்கள், கேரள மலைத் தோட்டங்களுக்குக் குமுளி மெட்டோ கம்பம்மெட்டோ ஏறும் ஜீப்புக்காக விடியுமுன் தெருமுனையில் தூக்குச்சட்டியோடு நிற்கும் பெண்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. சோறாக்கி, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, ஜீப்பைப் பிடிக்க அவர்கள் ஏற்கெனவே நாலு மணிக்கு எழுகிறார்கள். தியானத்துக்காக மூன்றரைக்கு எழுவதென்றால் அந்த அரை மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் போகும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அதை வெட்டிவிட்டுச் செய்யும் தியானத்தால் லாபமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவதுதான் நடக்கும்.

1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியில் தினமும் 45 நிமிடம் வீட்டுப்பாடம் உண்டு. அது நல்ல திட்டம்தான். அந்தக் கணக்கைக் கேட்டே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் பத்து நிமிடம் மேல். தோட்டத்தில் எடை போட வரிசையில் நிற்கும் நேரம், வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் முன் திண்ணையில் காலை நீட்டும் நேரம் எல்லாம் கணக்கில் சேரும். ஜீப்பில் செய்வதானால் கண்ணை மூடாதீர்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். கண்ணை மூடினால் குமட்டும். தூரத்து மலையைப் பார்த்தபடி மூச்சை எண்ணலாம். (ஓட்டுநருக்கு மட்டும் இந்தப் பத்தி பொருந்தாது. அவர் ரோட்டைப் பார்க்கட்டும்.)

மூச்சோடு மல்லுக்கட்டுவது

வீடியோவில் ஒருவர் வயிற்றைக் குத்திக்குத்தி வேகமாக மூச்சு விடுவார். இன்னொருவர் ஒரு நிமிடம் மூச்சை அடக்கிக் காட்டுவார். அதைப் பார்த்து அப்படியே செய்தால் பலருக்குத் தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரமரவென்று ஆகும். சக்தி ஏறுகிறது என்று சிலர் அதற்கு விளக்கமும் சொல்வார்கள். உண்மையில் வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைகிறது. அதன் விளைவுதான் அந்த மரமரப்பு. ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் நீண்ட கும்பகம் பக்கம் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம்.

டென்ஷன் குறைய வேண்டியவர்களுக்கு எதிர்த்திசைதான் தேவை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், கை மெல்ல மேலே எழ வேண்டும். ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை வெளியே விடும் நேரத்தில் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு சற்று மெதுவாகிறது. விடும் நேரத்தை நீட்டுவது அதற்காகத்தான். ஆறு கஷ்டமாக இருந்தால் மூன்று, நாலு என்று குறைத்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பிடித்துச் செய்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

சம்மணம் போட்டால்தான் தியானம் என்பது

காய் எடுப்புக் காலத்தில் ஏலச்செடியின் தூரில் குத்தவைத்து, சரம் சரமாகக் காய் பொறுக்கி, மறுபடி எழுந்து அடுத்த தூருக்கு நகர்ந்து, மறுபடி குத்தவைத்து என்று பகல் முழுக்கப் போகும். சாயங்காலம் அந்த முழங்காலை மடக்கிப் பத்மாசனம் போடச் சொல்வது கொடுமை. சுவரில் சாய்ந்து உட்காரலாம், நாற்காலியில் உட்காரலாம், படுத்துக்கொண்டும் செய்யலாம்.

உடல் உழைப்பாளிகளுக்குக் கண்மூடித் தியானத்தைவிடச் சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த தசைத் தளர்ச்சிப் பயிற்சி சீக்கிரம் பிடிபடும் என்பது என் கருத்து. மனதை ஒன்றும் செய்ய வேண்டாம், உடம்பு போதும். உள்ளங்கையை இறுக்கி மூடி ஐந்து விநாடி வைத்திருங்கள். பட்டென்று விடுங்கள். இறுக்கமாக இருந்ததற்கும் விட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கால் நிமிடம் கவனியுங்கள். பிறகு முன்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். தாடையை விட்டுவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டே நாளைக் கழித்திருக்கிறோம் என்பது அங்கே வரும்போதுதான் தெரியும். கெண்டைக்காலில் நரம்பு பிடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை மெதுவாக இறுக்கினால் போதும். அடிபட்ட இடத்தையும் வலிக்கும் மூட்டையும் தாண்டிப் போய்விடுங்கள்.

டென்ஷன் உச்சத்தில் இருக்கும்போது முதல்முறை முயல்வது

2019-ல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதை நம்பிக் குத்தகை எடுத்தவர்கள் அடுத்த சில வருடங்களில் விலை ஆயிரத்துக்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். கேரளத்தின் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் விலை சரிந்தது என்று போனில் தெரிந்த நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால் ஒன்றும் அடங்காது. அட்ரினலின், கார்டிசால் என்ற டென்ஷன் ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறியிருக்கும்போது, பழகாத பயிற்சிக்கு உடம்பு கட்டுப்படுமா? வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டிய கதைதான். ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில் பழகிவைத்தால்தான் கெட்ட நாளில் கைகொடுக்கும். பழகாதவர் அந்த நேரத்தில் வேகமாக நடந்துவிட்டு வரலாம், அது இன்னும் பலன் தரும். அப்புறம், படுக்கையில் தியான வீடியோ பார்க்கப் போனை எடுத்து, விலை பார்த்து, வாட்ஸ்அப் பார்த்து, பதினொன்றரை மணிக்குக் கீழே வைப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையை நிறுத்துவது

இது ஆபத்தான தவறு. "தியானம் பண்றேன், பிரஷர் குறைஞ்சிருச்சு" என்று மாத்திரையை விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அமெரிக்க இதய சங்கம் 2017-ல் தியானத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகச் செய்யலாம் என்றுதான் சொன்னது. அளவு குறைக்க வேண்டுமா என்பதை, பிரஷரை அளந்து பார்த்து மருத்துவர் சொல்லட்டும். மனநல மாத்திரைக்கும் இதுவே. சர்க்கரைக்கும்.

தீர்க்க வேண்டியதைத் தாங்கிக்கொள்ளப் பார்ப்பது

புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், தோட்டத்தில் கூலி பாக்கி நிற்கிறது, நாலு குழுவில் கடன். இவற்றுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தில்லை. அடுத்து யாரைப் பார்க்கலாம், எதை முதலில் கட்டலாம் என்று நிதானமாக யோசிக்கும் அளவுக்குத் தலையைத் தெளியவைக்கும், அவ்வளவே. பொறுமையாக இருக்கப் பழகு என்று ஒரு பெண்ணைத் தியானத்துக்கு அனுப்பிவைக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சிலருக்குக் கண்ணை மூடியதும் படபடப்பு கூடும், பழைய பயங்கரங்கள் திரும்ப வரும். அவர்கள் வலுக்கட்டாயமாகத் தொடரக் கூடாது. கண்ணைத் திறந்து, பாதம் தரையில் பதிவதைக் கவனித்தபடி நடந்தாலே போதும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துப்போகலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், அதனால் மலைக்கு மேலே வேலையில் இருக்கும்போதும் கீழே வீட்டில் இருக்கும்போதும் அதே எண்தான்.