சுவாரசியமான விளக்கங்களை நம்பும்போது நாம் செய்யும் தவறுகள்

கோடை ஏன் வருகிறது? பூமி சூரியனை நெருங்குவதால் என்று நன்கு படித்தவர்களே சொல்வதுண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி தொடக்கத்தில். அப்போது இடைவெளி சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் அது 15.2 கோடியாகிவிடுகிறது. வட கோளம் குளிரில் நடுங்குவதோ அதே ஜனவரியில்! பருவங்களைத் தருவது பூமி அச்சின் 23.4 டிகிரி சாய்வு. விளக்கம் நியாயமாகப் பட்டதுமே நின்றுவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. ‘இது சரியென்றால் வேறு என்னவெல்லாம் நடக்க வேண்டும்?’ என்று கேட்டிருந்தால், உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் கோடை வர வேண்டுமே என்பது உடனே புலப்பட்டிருக்கும்.

இதைவிட ஏமாற்றுவது, உண்மையான அறிவியலைப் பொருந்தாத இடத்தில் ஒட்டவைப்பது. கைகழுவும் தொட்டியில் நீர் வடியும்போது வட கோளத்தில் இடஞ்சுழியாகவும் தென் கோளத்தில் வலஞ்சுழியாகவும் சுழலும், பூமியின் சுழற்சியே காரணம் என்பார்கள். பூமியின் சுழற்சியால் எழும் அந்த விசை (கோரியாலிஸ் விசை) பொய்யல்ல. புயல்கள் சுழலும் திசையைத் தீர்மானிப்பது அதுவே. ஆனால் ஒரு தொட்டியின் அளவில் அது மிக மிகச் சிறியது. குழாய் நீர் விழுந்த வேகமும் தொட்டியின் வடிவமும் அதை எளிதில் அமுக்கிவிடும். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஆஷர் ஷபிரோ இதைச் சோதித்தார். சுமார் 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் நீரை நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் வைத்து, சிறு துளை வழியே வடியவிட்டார். நீர் பெரும்பகுதி வடிந்த பிறகே இடஞ்சுழி தெரிந்தது. 1965இல் சிட்னியில் அதே சோதனை வலஞ்சுழியைக் காட்டியது. எவ்வளவு பொறுமை தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்! அவசரமாகக் கை கழுவும் தொட்டியில் அது தெரிய வாய்ப்பே இல்லை.

சில சமயம் விளக்கம் தவறு என்றதும் கண்ட காட்சியையே மறுத்துவிடுகிறோம். அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவது எல்லோருக்கும் உள்ள அனுபவம். காற்று மண்டலம் அதைப் பெரிதாக்குகிறது என்பதுதான் பிழை. ஒரே ஜூமில் எடுத்த படங்களில் அடிவானத்து நிலாவும் உச்சி நிலாவும் ஒரே அகலத்தில் இருக்கும். மாயம் நம் மூளையில் நிகழ்கிறது. எப்படி என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அந்த இடைவெளியை வேறொரு கதையால் நிரப்ப வேண்டியதில்லை.

நாக்கின் நுனியில் மட்டுமே இனிப்பு தெரியும் என்பதைச் சோதிக்கக் கொஞ்சம் சர்க்கரை போதும். ஓரத்தில் வைத்தாலும் இனிக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, மறுப்பு என்றாலே உண்மை என்று எடுத்துக்கொள்வது. பசலைக்கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்ற நம்பிக்கை, ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றி எழுதியதால் வந்தது என்று பல வருடங்களாகச் சொல்லப்படுகிறது. 2010இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனபோது, புள்ளி இடம் மாறியதற்குச் சான்றே கிடைக்கவில்லை. தாவர உணவில் உள்ள இரும்பை நம் உடல் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பதுதான் உண்மையில் கவனிக்க வேண்டிய செய்தி. புள்ளிக் கதையைப் பரப்புகிறவர்கள் அதைச் சொல்வதே இல்லை.