திருவரங்கத்திலிருந்து கும்பகோணம் வரை காவிரியோடு சைக்கிளில்: முதல்முறை போகிறவர்களுக்கு

போன தை மாதம் இந்தப் பாதையை முழுதாக முடித்தேன். அதற்கு முந்தைய வருடமும் கிளம்பினேன். கோவிலடி தாண்டுவதற்குள் மூன்று பஞ்சர். கடைசியில் சைக்கிளைக் குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் ஏற்றி, வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்து திருச்சிக்குத் திரும்பினேன். இரண்டு பயணத்திலும் தெரிந்துகொண்டதை நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சைக்கிள் ஓட்டத் தெரியும், இடப்பக்கம் போகத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

மொத்தம் ஏறக்குறைய 95 கிலோமீட்டர். இரண்டு நாள். மேடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, ஆற்றுப் பாலங்களின் ஏற்றம் மட்டும்தான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். அணையில் தண்ணீர் போதாத வருடத்தில் திறப்பு தள்ளிப்போகும். மாசி முதல் வைகாசி வரை போனால் நீங்கள் பார்க்கப்போவது காவிரியை அல்ல, மணலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆக மிஞ்சுவது இரண்டு பருவம்: ஆடி, ஆவணி ஒன்று, மார்கழிக் கடைசியிலிருந்து தை முடிய இன்னொன்று.

ஆடியில் போவதில் ஒரு லாபம் உண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. நாம் போவது கிழக்கே. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அதே காற்றில் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குச் சைக்கிளிலேயே திரும்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆடிப்பெருக்கு அன்று கல்லணைப் பக்கமே போக வேண்டாம், கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளக்கூட இடம் இருக்காது.

தை நல்ல வெயில், நல்ல பனி. ஆனால் சம்பா அறுவடை. அதைப் பற்றிக் கீழே.

படி 2: சைக்கிள்

கியர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். டெல்டா தட்டையான நிலம். அப்பாவின் பழைய அட்லஸ் சும்மா கிடந்தால் அதற்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை மாற்றி, அதிலேயே போகலாம். என்னுடையது கியர் வைத்த ஹைப்ரிட், டயர் 38 மில்லிமீட்டர். ஒல்லி டயர் ரோடு பைக்கை இந்தப் பாதைக்குக் கொண்டுவருவது என் கணக்கில் வீண். ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் வேகத்தடை, அதற்குப் பிறகு ஒரு குழி, அந்தக் குழிக்குள் ஜல்லி.

முதுகுப்பை மாட்டாதீர்கள். பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் கேரியர் போட்டு இரண்டு பக்கமும் பை தொங்கவிடுங்கள். துணிக்கடைக் கட்டைப் பையைக் கயிற்றால் கட்டினாலும் போதும், ஆரக்காலில் சிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

கட்டாயம் எடுக்க வேண்டியவை: கைப் பம்ப், கூடுதல் டியூப் இரண்டு, டயர் லீவர் (டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றும் பட்டை), பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு குறடு அல்லது இடுக்கி. கடைசியில் சொன்னது ஏன் என்று படி 4இல் தெரியும்.

ஒத்திகை பார்க்க நினைக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து மேற்கே முக்கொம்பு வரை போய் வாருங்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணை அங்கேதான் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போன செய்தி நினைவிருக்கும். போக வர நாற்பது கிலோமீட்டருக்குள். அதில் உட்காருமிடம் வலித்தால் சீட் உயரத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த வாரம் யோசிக்கலாம்.

படி 3: கல்லணை வரை

விடிவதற்கு முன் திருவரங்கத்து அம்மா மண்டபம். படித்துறையில் கால் நனைத்து, ஒரு டீ குடித்துக் கிளம்பினால் திருவானைக்காவல் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகப் போகும் சாலையைப் பிடியுங்கள். இடப்பக்கம் கொள்ளிடம், வலப்பக்கம் காவிரி, நடுவில் வாழைத்தோப்பு. காவிரிக்குத் தென்கரையில் சர்க்கார்பாளையம் வழியாகவும் ஒரு சாலை உண்டு. எனக்கு வடக்குப் பக்கம்தான் பிடித்தது. காலையில் வாழை இலையிலிருந்து பனித்தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும் அளவுக்கு வண்டி குறைவு.

கல்லணையில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுங்கள். பாலம் குறுகல். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று ஆறு நான்காகப் பிரிவதை நின்று பார்க்கலாம். அணையின் நீளம் 329 மீட்டர். கரிகாலன் பெயரில் வழங்கும் இந்தக் கல் அணையை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் உயர்த்தி மதகு வைத்தார்கள். புது ஆறு மட்டும் நிஜமாகவே புதிது: கல்லணைக் கால்வாய் என்ற பெயரில் 1934இல் வந்தது.

காடு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கிளைவழி. புது ஆற்றின் கரையோடு பூதலூர் பக்கம் போனால் வனத்துறை நட்ட தேக்கு வரிசை வரும். ஆவணியில் அந்த நிழலும் பக்கத்தில் ஓடும் தண்ணீரும் சேர்ந்தால் வேறு ஊர் மாதிரி இருக்கும். வாய்க்கால் வறண்ட மாதங்களில் தேக்கும் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

படி 4: படுகையில் இறங்காதீர்கள் (இறங்கினால் முள்ளைத் தேடுங்கள்)

நான் மாட்டிக்கொண்டது இங்கே.

கல்லணையிலிருந்து காவிரிப்பூம்பட்டினம் வரை போகும் மாநில நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது, எண் 22. தோகூர், கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளிக்கு அதுதான் நேர்வழி. ஆனால் கைபேசி வரைபடத்தில் ஆற்றை ஒட்டி மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தெரியும். பார்க்க ஆசையாக இருக்கும். அது கரைமேல் போகும் மண்பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து, மாட்டு வண்டியும் டிராக்டரும் ஏறி, முள் மட்டும் மண்ணுக்குள் நிமிர்ந்து கிடக்கும்.

முதல் பஞ்சர் பின்சக்கரத்தில். டியூபை மாற்றினேன். ஐந்து நிமிடம் ஓட்டினேன், மறுபடி காற்று இல்லை. இரண்டாவது டியூபையும் போட்டேன், அதுவும் போயிற்று. டியூப் தயாரித்தவனைத் திட்டிக்கொண்டே முக்கால் மணி நேரம் தள்ளிக்கொண்டு போய்ச் சாலையில் ஏறினால், புளியமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. பெரியவர் டியூபைப் பார்க்கவே இல்லை. "டியூபை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, முள்ளை முதல்ல தேடு" என்றார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். டியூபை உருவும்போது வால்வு இருக்கும் இடத்துக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழ் வரும் இடம் வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்தார். அதே அளவை டயரில் இரண்டு பக்கமும் வைத்தார். அந்த இடத்தில் டயரின் உள்பக்கம் ஒரு பழைய பனியன் துணியை அழுத்தித் தேய்த்தார். துணி ஓரிடத்தில் இழுத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டயரை உள்ளிருந்து வெளியே மடக்கினால் அரை மில்லிமீட்டர் முள்முனை, கறுப்பு ரப்பருக்குள் கறுப்பாக. கருவேல முள் வெளியே ஒடிந்துவிடும், முனை டயருக்குள்ளேயே தங்கிவிடும். நான் மாற்றிய ஒவ்வொரு டியூபையும் குத்தியது அதே முள். குறடால் பிடித்து இழுத்தார். பிறகு முழு வட்டத்துக்கும் துணியை ஓட்டினார். இன்னும் இரண்டு கிடைத்தன.

விரலால் தடவாதீர்கள். நான் தடவினேன், கட்டைவிரலில் ஒன்று ஏறியது.

இன்னொன்று: டயரைத் திரும்ப ரிம்மில் ஏற்றும்போது கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். அங்கே லீவர் போட்டால் டியூபைக் கடித்துவிடும். டியூபில் கொஞ்சம் காற்று விட்டு, வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, உள்ளங்கையாலேயே தள்ளி ஏற்றுங்கள்.

படி 5: திருக்காட்டுப்பள்ளி முதல் திருவையாறு

கோவிலடியில் அப்பக்குடத்தான் பெருமாளுக்கு இரவு அப்பம் நைவேத்தியம். நாம் போவது காலையில், அதனால் பெருமாளை மட்டும் சேவித்துவிட்டுத் திருக்காட்டுப்பள்ளியில் இட்லி சாப்பிட வேண்டியதுதான். இங்கே காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. பிறகு நடுக்காவேரி, கண்டியூர், திருவையாறு. வெயில் ஏறுமுன் போய்விடலாம்.

தையில் வருகிறவர்கள் கவனிக்க: சாலையில் பாதியை நெல்லும் வைக்கோலும் காயப்போட்டு அடைத்திருப்பார்கள். நெல்மேல் ஏற்றாதீர்கள், அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு. வைக்கோல்மேலும் ஏற்றாதீர்கள், அது உங்கள் நன்மைக்கு. கியர் சைக்கிளின் பின்சக்கரப் பல்லுக்குள் வைக்கோல் சுற்றிக்கொண்டால் பெடல் நின்றுவிடும். கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியாது. அப்பாவின் அட்லஸுக்கு இங்கே ஒரு மதிப்பெண் கூடுதல்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி காவிரிக்கரையிலேயே இருக்கிறது. ஆராதனை நாட்களில் தங்க அறை கிடைப்பது சிரமம், தேதி பார்த்துப் போங்கள். பாசிப்பருப்பில் செய்யும் அசோகா இந்த ஊர் அல்வா. ஓட்டும் முன் சாப்பிட்டால் தூக்கம் வரும், முடித்த பிறகு சாப்பிடுங்கள். அறை இல்லையென்றால் தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் தஞ்சாவூர். வழியில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம். 1010இல் ராஜராஜன் முடித்த பெரிய கோயிலை மாலை வெயிலில் பார்த்துவிட்டு மறுநாள் காலை திருவையாற்றுக்கே திரும்பிவிடுங்கள். தஞ்சை – கும்பகோணம் பிரதான சாலையில் பஸ்கள் ஓட்டப்பந்தயம் நடத்தும். அந்தச் சாலையில் போயே ஆகவேண்டும் என்றால் பசுபதிகோவிலில் திரும்பி, முதலாம் பராந்தகன் காலத்துப் புள்ளமங்கைக் கோயிலைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் சிற்பங்கள்.

படி 6: கும்பகோணம்

திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரகாரம், உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை. மரமும் நிழலும் உள்ள நல்ல சாலை, இதைப் பற்றி விளக்க ஒன்றுமில்லை, ஓட்டுங்கள். சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறை வாசலில் நின்று கேட்டால் உள்ளே விடுவார்கள். மெழுகுச் சிலைமேல் பூசும் மண் காவிரி வண்டல்.

நேரக் கணக்கு முக்கியம். பெரும்பாலான கோயில்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை நடை சாத்தியிருக்கும். பதினொன்றுக்குள் தாராசுரம் போய்விடுங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், முன்மண்டபமே தேர் வடிவம். அதன் கல் சக்கரத்தில் குடத்தையும் ஆரத்தையும் பார்த்தபோது, ஸ்போக் திருகிக் களைத்த கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள், இடத்தை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் தெம்பு இருந்தால் அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம், ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அணைக்கரைப் பாலம் மிகக் குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள்.

பின்சேர்க்கை (கேள்விகள் வந்த பிறகு)

வால்வு பற்றி எழுத மறந்துவிட்டேன். விலை கூடிய சைக்கிள்களில் வரும் ஒல்லி வால்வுக்குக் கிராமத்துக் கடைப் பம்ப் பொருந்தாது. ஒருவர் நடுக்காவேரியில் மாட்டிக்கொண்டாராம். பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகியே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கு ரயில்: எல்லா வண்டியிலும் சைக்கிள் ஏற்ற முடியாது. முந்தின நாளே கும்பகோணம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெரியவர் கடை எங்கே என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். பெயர்ப்பலகை கிடையாது. கல்லணையிலிருந்து போகும்போது கோவிலடிக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரக் கிளையில் பழைய டயர் ஒன்று தொங்கும்.