விழித்திரை நரம்பணு: பதிவும் படமும் ஒரே செல்லுடையவைதானா?

சுண்டெலியின் விழித்திரையில் 40-க்கும் மேற்பட்ட கேங்லியான் செல் (மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பணு) வகைகள் உள்ளன. ஒளிக்கு ஒரு செல் எப்படித் துலங்குகிறது என்று பதிவு செய்து, அதன் கிளைகளையும் படமெடுத்துப் பொருத்தினால்தான் வகை உறுதியாகும். பொருத்தம் தவறினால் எவ்வளவு நல்ல பதிவும் வீண்.

கண்ணை எடுக்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. விழித்திரையைப் பிரித்து விரித்தபின் மேல் கீழ் தெரியாது. திசையுணர் செல்களில் (குறிப்பிட்ட திசையில் நகர்வதற்கே அதிகம் துலங்குபவை) ஆன்-ஆஃப் வகை (ஒளி தோன்றினாலும் மறைந்தாலும் துலங்குவது) மட்டுமே நான்கு திசைகளுக்கு நான்காக இருக்கிறது. குறி இல்லையென்றால் எது எதுவென்று சொல்ல வழியில்லை. கண் குழிக்குள் இருக்கும்போதே கார்னியாவின் மேல்விளிம்பில் சுட்டுக் குறி வையுங்கள். லென்ஸை நீக்கியதும் அந்த இடத்திலிருந்து பார்வை நரம்பை நோக்கி ஒரு நீள வெட்டு போடுங்கள். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், விழித்திரையில் மேலே நகர்வது வெளியுலகில் கீழே நகரும் பொருள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவிடுவது நல்லது. இன்னொன்று: விழித்திரையின் கீழ்ப்பாதிக் கூம்புச் செல்களில் புற ஊதாவை (சுமார் 360 நானோமீட்டர்) உணரும் ஆப்சின் என்ற ஒளியுணர் புரதமே மிகுதி. பச்சை ஒளியை மட்டும் காட்டிவிட்டு ‘செல் மந்தம்’ என்று எழுதக் கூடாது.

சவ்வை உடைத்துப் பதிவெடுத்தால் செல்லின் உட்பொருள் நீர்த்துப்போய்த் துலங்கலும் மாறும். அதனால் ஏம்ஸ் கரைசல் (விழித்திரையை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்) நிரப்பிய பிப்பெட்டால் (நுண்ணிய கண்ணாடிக் குழாய்), உடைக்காமல், ஸ்பைக்குகளை (செல்லின் மின்துடிப்புகளை) முதலில் எடுங்கள். கிளைகளைப் பின்னர் சாயமிட்டுக் காண உதவும் நியூரோபயோட்டினை ஏற்ற அடுத்த பிப்பெட். அந்த மூலக்கூறு சிறியது, செல்களை நேரடியாக இணைக்கும் இடைவெளிச் சந்திகள் வழியே பக்கத்துச் செல்களுக்கும் போய்விடும். அவற்றின் கிளைகளையும் சேர்த்து வரைந்தால் கிளைப்பரப்பு பொய்யாகப் பெருக்கும். கூடவே அலெக்சா என்ற ஒளிரும் சாயமும் ஏற்றி, பதிவெடுத்த செல் எதுவென்று பின்னர் ஒப்பிட, உயிருள்ள நிலையிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்பெட்டை மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் செல் உடலும் கூடவே வந்துவிடும்.

கிளைகளின் ஆழத்தை மைக்ரோமீட்டரில் சொல்லாதீர்கள். பதப்படுத்தும்போது திசு சுருங்கும், கவர்சிலிப் நசுக்கும். ஸ்டார்பர்ஸ்ட் அமக்ரைன் செல்களின் (திசையுணர் செல்களுக்குச் செய்தி தரும் விழித்திரை நரம்பணுக்கள்) கிளைகள் அமைக்கும் இரு பட்டைகளையும் ஆன்டிபாடியால் சாயமிட்டு அவற்றை அளவுகோலாக்குங்கள். திசுவைப் பதப்படுத்த 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 15 முதல் 30 நிமிடம் போதும். குளூட்டரால்டிஹைடு சேர்த்தால் ஆன்டிபாடி சரியாக ஒட்டாது.

இரண்டு கிளைகள் தொட்டுக்கொண்டால் இணைப்பு என்று முடிவுகட்டுவதுதான் மோசமான பிழை. சினாப்ஸ் (நரம்பணுக்கள் செய்தி கடத்தும் இணைப்பு) இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். கான்ஃபோக்கல் ஒளி நுண்ணோக்கிக்கு அது எட்டாது. பிரிக்மன், ஹெல்ம்ஸ்டேட்டர், டெங்க் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் கால்சியம் பதிவு எடுத்த அதே திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகச் சீவிப் பார்த்தார்கள். ஸ்டார்பர்ஸ்ட் கிளைகள் பல பக்கமிருந்தும் திசையுணர் செல்லின் மேல் படர்ந்திருந்தன. ஆனால் சினாப்ஸ் போட்டவை பெரும்பாலும், அந்தச் செல் விரும்பும் திசைக்கு நேரெதிராக நீண்ட கிளைகள்தான்.