பாமினியில் கிடக்கும் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் முறை

பழைய கணினியிலிருந்து எடுத்த கோப்பைத் திறந்ததும், "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றால், கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிட வேண்டாம். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. கணினி சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளையே. ஜே வரும் இடத்தில் "த"வையும் அரைப்புள்ளி வரும் இடத்தில் மெய்ப்புள்ளியையும் வரைந்து காட்டியது எழுத்துரு மட்டுமே.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொதுத் தரமே யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால், விண்டோஸ் 2000 வரும்வரை பெரும்பாலான வீட்டுக் கணினிகளால் அதைக் காட்ட இயலவில்லை என்பதால், அச்சகங்களும் அலுவலகங்களும் ஆளுக்கோர் எழுத்துருவை வைத்துக்கொண்டன. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் தருவதற்காக 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கி என்ற குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறையில், அவற்றை ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010இல்தான்.

முதலில் கோப்பைப் படியெடுத்து, படியில் மட்டும் வேலை செய்யுங்கள். வேர்டில் ஒரு சொல்லின்மேல் சொடுக்கி, எழுத்துருப் பெட்டியில் உள்ள பெயரைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய மாற்றியில், அதாவது அந்த எழுத்துருவின் உரையை யூனிகோடாக்கும் மென்பொருளில், ஒரு பத்தியை மட்டும் இட்டுப் பாருங்கள். இடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை முன்கூட்டியே பிரித்து வைப்பது அவசியம்; பாமினி மாற்றிக்கு ஆங்கிலம் எது, தமிழ் எது என்று தெரியாது.

மாற்றி முடித்ததும் வேலை முடிந்ததாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் பாதிதான் முடிந்திருக்கும். அக்காலத் தட்டச்சர்கள் ர், ரி, ரீ ஆகியவற்றை எழுதத் துணைக்காலையே பயன்படுத்தியதால், "அவர்" என்பது "அவா்" என்று மாறியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடுபொறிக்கோ வெவ்வேறு சொற்கள். ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ முன்னால் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்: மாற்றி கொம்பையும் காலையும் ஒன்றாகச் சேர்த்து, "பெரியார்" என்பதைப் "பொியாா்" என்றும் "தேர்தல்" என்பதைத் "தோ்தல்" என்றும் ஆக்கிவிடும். இன்றும் இணையத்தில் இத்தகைய தோ்தல்கள் ஏராளம்.

இவற்றைத் தேடி மாற்றும் வசதியால் ஒட்டுமொத்தமாகத் திருத்தலாம். துணைக்காலை அடுத்துப் புள்ளியோ இகரக் குறியோ வருவது தமிழில் எங்கும் முறையன்று என்பதால், "ா்" வந்தால் "ர்", "ாி" வந்தால் "ரி", "ோ்" வந்தால் "ேர்", "ொி" வந்தால் "ெரி" என்று அச்சமின்றி மாற்றலாம். தவறான வடிவத்தை விசைப்பலகையில் தட்டுவது கடினம். கோப்பிலிருந்தே படியெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள்.

ஔகாரத்தில் மட்டும் இந்தத் துணிச்சல் ஆகாது. "கௌரவம்" என்பது "கெளரவம்" என்று ளகரத்தோடு வந்திருக்கிறதே என்று எல்லா "ெள"வையும் மாற்றினால், "தெளிவு" குலைந்து "வெள்ளம்" கெடும். நானும் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, ஒரு மலர் முழுவதையும் முதலிலிருந்து மெய்ப்புப் பார்க்க நேர்ந்தது. கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம் என்று சொல் சொல்லாகத் தேடித் திருத்துவதே பாதுகாப்பு.

வெற்று உரையாகச் சேமிக்கும்போது, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழுக்கு இடமில்லாத பழைய முறையான ஆன்சி என்று சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும், பிறகு அவற்றை மீட்க வழியில்லை. சேமித்த கோப்பை மீண்டும் திறந்து, அதில் இருப்பதாக உங்களுக்குத் தெரிந்த, ரகர மெய் உள்ள ஒரு பெயரைப் புதிதாகத் தட்டித் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால், கைப்பேசியும் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதே கோப்பைத் தமிழாகவே படிக்கும்.