ஹெட்போனுக்கு வேறு கேபிள்: துளையில் நுழைந்தால் மட்டும் போதாது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொட்டை மாடி அறைதான் நான் பாட்டுக் கேட்கும் இடம். சாயங்காலமானால் தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று நேரே உள்ளே வரும். நமக்குச் சுகம், செம்புக் கம்பிக்குத்தான் ஆகாது. போன மழைக்காலத்தில் என் சென்ஹைசர் ஹெச்டி 600 ஹெட்போனின் கேபிள் இடது பக்கம் கரகரத்தது. வெடித்திருந்த உறையைப் பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு.

மாற்றுக் கேபிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கச்சிதமாகச் செருகியது, இரண்டு பக்கமும் சத்தமும் வந்தது. ஆனால் பாட்டு பாட்டாக இல்லை. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டேன். பேஸ் கிட்டாரைக் காணோம். பாடுகிறவர் தலைக்கு நடுவில் நிற்காமல் காதுக்கு வெளியே எங்கோ கரைந்துபோனார். ஆம்பைச் (ஆம்ப்ளிஃபையரை) சந்தேகப்பட்டதில் இரண்டு ராத்திரி போயிற்று. கடைசியில் பார்த்தால், வலது பக்கச் செருகியில் மட்டும் இரண்டு கம்பிகளும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன.

உங்களுக்கு அந்த இரண்டு ராத்திரி வேண்டாம்.

படி 1: உங்கள் ஹெட்போனின் துளை எது?

இதில் எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. ஹெச்டி 600, 650, 660எஸ் மூன்றுக்கும் ஒரே இரண்டு பின் செருகி. ஒரு பின் தடிமன், ஒன்று ஒல்லி. அதே கம்பெனியின் ஹெச்டி 800க்கு அது ஆகாது. ஹெச்டி 560எஸ்ஸுக்கு ஒரு பக்கம் மட்டும், 2.5 மி.மீ., திருகிப் பூட்டுவது. ஹைஃபைமேன் சுந்தராவுக்கும் ஃபோக்கல் கிளியருக்கும் இரண்டு பக்கமும் 3.5 மி.மீ. ஆடிஸி எல்சிடி-2க்கு நாலு பின் மினி எக்ஸ்எல்ஆர். ‘எல்லா ஹெட்போனுக்கும்’ என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

படி 2: மல்டிமீட்டர்

செருகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் எந்த மலிவு மல்டிமீட்டரும் போதும்; டிஸ்ப்ளே பெரிதாக இருப்பதை விட பீப் சத்தமாக இருப்பது முக்கியம். இரண்டு கையும் புரோபைப் (மீட்டரின் கூர்முனைக் கம்பியை) பிடித்திருக்கும்போது யார் திரையைப் பார்ப்பது?

முதலில் பழைய கேபிளை எடுங்கள். ஹெட்போனில் மாட்டியபடியே சோதிக்காதீர்கள், உள்ளே இருக்கும் காயில் குழப்பிவிடும். ஆம்பில் செருகும் ஜாக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான நெகட்டிவ். நுனியில் ஒரு புரோப், இடது செருகியின் தடித்த பின்னில் இன்னொன்று. பீப் வருகிறதா? இல்லையென்றால் ஒல்லிப் பின்னில் வையுங்கள். எதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வளையத்தையும் வலது செருகியையும் அதேபோல்.

இனி புதுக் கேபிள். பழையதில் எந்தப் பின்னில் பீப் வந்ததோ, இதிலும் அதே பின்னில் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால், ஒரு காதில் டயஃப்ரம் (ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வு) முன்னே தள்ளும்போது மறு காதில் பின்னே இழுக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

பீப் வருகிறதே, இணைப்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல மீட்டர்கள் சில பத்து ஓமுக்கும் பீப் அடிக்கும். 200 ஓம் ரேஞ்சில் வைத்து, இரண்டு புரோபையும் முட்டவைத்தால் வரும் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு, அதைக் கழித்துப் பாருங்கள். பிறகு கேபிளை ஆட்டிக்கொண்டே பாருங்கள். எண் துள்ளினால் திருப்பி அனுப்புங்கள்.

படி 3: மாறியிருந்தால்

வார்ப்புச் செருகி என்றால் திருப்பி அனுப்புவதுதான் வழி. திருகிக் கழற்றுகிற வகை என்றால் நாமே மாற்றலாம். 25 வாட் சால்டரிங் அயர்ன், உள்ளே ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ள 0.8 மி.மீ. ஈயக் கம்பி. அதற்கென்றே டப்பாவில் வரும் பிசுபிசுப்பு பேஸ்ட் எனக்குப் பிடிக்காது; துடைக்கத் துடைக்கப் போகாது. ஹெட்போன் கம்பிகளுக்குப் பெரும்பாலும் மெல்லிய எனாமல் பூச்சு இருக்கும். ஈயத்தோடு சில விநாடி அழுத்திப் பிடித்து அது கருகினால்தான் ஒட்டும். அந்த வேலையைப் பின்னில் வைத்துச் செய்யாதீர்கள்! கம்பி நுனியைத் தனியே ஈயம் பூசி எடுத்துவைத்துவிட்டு, பின்னில் ஒரே தொடுதல். நான் நிதானமாகச் சுட்டதில் பிளாஸ்டிக் இளகி ஒரு பின் சாய்ந்துபோனது.

படி 4: மறு முனை, அதாவது ஆம்பில் செருகும் பக்கம்

4.4 மி.மீ. பேலன்ஸ்டு கேபிளில் இடது வலது இரண்டுக்கும் தனித்தனி நெகட்டிவ். இதை அடாப்டர் போட்டுச் சாதாரண 3.5 துளையில் செருகலாம், பிரச்சினை இல்லை. தலைகீழாக மட்டும் வேண்டாம்: சாதாரணக் கேபிளைப் பேலன்ஸ்டு ஆம்பில் அடாப்டர் வழியாகச் செருகினால் இரண்டு நெகட்டிவும் ஒன்றாக ஷார்ட் ஆகி ஆம்ப் போகலாம். ஏகேஜி கே702 மாதிரி ஒற்றைப் பக்க மூன்று பின் செருகியில் நெகட்டிவ் ஒன்றுதான். ஹெட்போனையே பிரித்து வேலை செய்யாமல் அதைப் பேலன்ஸ்டு ஆக்க முடியாது.

வெள்ளிக் கம்பி போட்டால் ஒலி மினுங்கும் என்பார்கள். 300 ஓம் ஹெட்போனுக்கு முன்னால் அரை ஓம் வித்தியாசம் என்றால் ஒலி அளவில் 0.015 டெசிபல்கூட மாறாது. அந்தக் காசுக்குப் புதுச்சேரி போய் வயிறாரச் சாப்பிட்டு வரலாம். நீளம், எடை, ஜாக் வகை இவற்றுக்காகவே கேபிள் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: சுந்தரா வைத்திருக்கும் ஒருவர், 3.5 மி.மீ. கேபிள்தான், ஆனாலும் முழுசாக உள்ளே போகவில்லை என்று எழுதியிருந்தார். நான் இதைச் சொல்லாமல் விட்டது தப்புதான். ஜாக்கின் அளவு சரியாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் உலோகக் கூடு தடியாக இருந்தால் கப்பின் விளிம்பில் முட்டி நிற்கும், தொடுப்பு பாதியில் விட்டுப்போகும். வாங்கும் முன் பழைய கேபிளின் கூட்டை வெர்னியரில் அளந்து, விற்பவரிடம் புதியதன் விட்டத்தைக் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.