ஃபியூஸ் போட்டதும் போகிறதா? ஆம்ப்பை இப்படிப் பாருங்கள்

மச்சானின் சவுண்ட் சர்வீஸ் ஆம்ப்ளிஃபயர் அது. 35-0-35 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு சேனலுக்கு இரண்டு ஜோடி 5200, 1943 அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். கோயில் கொடைக்கு முந்தின நாள் புது ஃபியூஸ் போட்ட நொடியே ‘பட்’டென்று போய்விட்டது. சரிசெய்ய எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. உங்களுக்கு ஒன்றே போதும்.

முதலில் ஒரு சீரீஸ் பல்பு செய்துகொள்ளுங்கள். மெயின் வயரின் ஃபேஸை வெட்டி, நடுவில் 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு இணைத்தால் முடிந்தது. உள்ளே ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் கரண்ட் போகாது. பல்பு பிரகாசமாக எரியும், பாகங்கள் பிழைக்கும். ஆன் செய்ததும் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. ஃபில்டர் கண்டன்சர் சார்ஜ் ஆவதுதான் அந்த வெளிச்சம்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சர் இரண்டையும் 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வைத்து ஐந்து நொடி டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்க வேண்டாம். முழுமையாக இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டே தொடுங்கள்.

அடுத்து மீட்டரை டயோடு மோடில் வைத்து, ஒவ்வொரு அவுட்புட் டிரான்சிஸ்டரிலும் நடுக்காலுக்கும் வலதுகாலுக்கும் இடையே பாருங்கள். 0.00 காட்டினால் ஷார்ட். ஆனால் இரண்டு பேரலலில் இருந்தால் ஒன்று போனாலும் இரண்டுமே போனதாகக் காட்டும். கழற்றித் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் தூக்கிப்போட வேண்டும். மீட்டரில் உள்ள டிரான்சிஸ்டர் சாக்கெட்டை நான் நம்புவதில்லை; டயோடு மோடே போதும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருந்தால் தனியாகப் போயிருக்காது. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர், அவுட்புட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் பாருங்கள். டிரைவர் ஷார்ட்டாக இருக்கும்போது புது 5200 போட்டால் அதுவும் எரியும்.

இனி என்னை அலைக்கழித்த இடம். எல்லாம் மாற்றினேன், சோதித்தேன், நல்லதாகவே காட்டியது. ஆன் செய்தால் பல்பு முழு வெளிச்சம். திரும்பக் கழற்றினால் டிரான்சிஸ்டரில் பழுதே இல்லை. இரண்டாவது நாளும் இதே கதை. கடைசியில் மீட்டரின் ஒரு முனையை, டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கிலும் மறுமுனையை நடுக்காலிலும் பிடித்தபடி ஸ்க்ரூவை இறுக்கினேன். கடைசிக் கால் சுற்றில் ‘பீப்’ கேட்டது! ஹீட்சிங்கில் துளை போட்ட இடத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டு, இரண்டுக்கும் இடையே கரண்ட் பாயாமல் தடுக்கும் மைக்கா ஷீட்டைக் குத்தியிருந்தது. 5200-இன் முதுகுத் தகடு கலெக்டரோடு சேர்ந்தது, நடுக்காலும் அதுவே. ஹீட்சிங்கோ எர்த். மைக்காவில் ஊசித் துளை விழுந்தாலும் போதும், சப்ளையே ஷார்ட். பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே துளைவாயில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிசிறை எடுத்தேன். புது மைக்கா, இருபுறமும் மெல்லிய பேஸ்ட், அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தளர்வாக இருக்கும்போது பார்த்து ஏமாறாதீர்கள்.

பல்பு மங்கியதா? ஸ்பீக்கர் மாட்டாமல், ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 40, 45 வோல்ட் நின்றால் ஸ்பீக்கர் காயில் கருகிவிடும். சத்தம் இல்லாதபோது அவுட்புட்டில் ஓடும் கரண்ட்டை அமைக்கும் பயாஸ் ப்ரீசெட்டைக் குறைந்தபட்சத்தில் வைத்து, பல்பை எடுத்த பிறகு, ஒரு 0.22 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 5 மில்லிவோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். ஏறத்தாழ 23 மில்லி ஆம்பியர். பத்து நிமிடம் சூடேறவிட்டு மறுபடி பாருங்கள்.

பின்சேர்க்கை: சீரீஸ் பல்பாக எல்இடி போட்டுப் பார்த்துவிட்டுச் சரிவரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எல்இடி இதற்கு உதவாது. இழை சூடேறும்போது ரெசிஸ்டன்ஸ் கூடுவதுதான் இங்கே வேலை செய்கிறது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் அதே வாட்டில் ஹாலஜன் போடுங்கள்.